மாமா கண்மாய்க்கரைய அளந்த கதை

எங்க மாமாவுக்கு 67 வயசு. அம்மாவோட தம்பி. பொதுப்பணித்துறையில பெரியாறு பாசனத்துல லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவரு, லஸ்கர்னா தெரியாதவங்களுக்கு சொல்றேன், வாய்க்கால்ல ஷட்டர தூக்குறது இறக்குறது, எந்த மடைக்கு எத்தன நாளு தண்ணின்னு பாக்குறது, ராத்திரி கரையில டார்ச்ச வச்சுக்கிட்டு நடக்குறது, இதுதான் வேல. மேலூர் பக்கம் கடமடை வரைக்கும், அதான் வாய்க்காலோட கடைசி மடை, அது வரைக்கும் சைக்கிள்ல சுத்துன ஆளு. அவருகூட எங்க போனாலும் இதான் தொல்ல, நாம கோயிலப் பாப்போம் மலையப் பாப்போம், அவரு தண்ணி எங்குட்டு வருது எங்குட்டு போகுதுன்னு பாத்துக்கிட்டு நிப்பாரு.

போன கார்த்திகையில ஒரு ஞாயித்துக்கிழம அரிட்டாபட்டிக்கு கெளம்பினோம். ரொம்ப நாளா பாக்கி இருந்த பயணம் இது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, கொஞ்சம் வெக்கமான காரணந்தான், சொல்லிர்றேன்.

நம்ம கடை தல்லாகுளம் பக்கம், ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன் இந்த மாதிரி. 2025 ஜனவரி 7ம் தேதி டங்ஸ்டன் சுரங்கம் வேணாம்னு நரசிங்கம்பட்டியிலருந்து ஜனங்க நடந்தே மதுரைக்குள்ள வந்தாங்கள்ல, தல்லாகுளம் தலைமை தபால் ஆபீஸ் வரைக்கும், அன்னிக்கு நான் கடை ஷட்டர பாதி இறக்கி வச்சுட்டு வெளிய நின்னு வேடிக்கை பாத்தேன். வயசான பொம்பளைங்க செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு நடந்து போறாங்க, பச்சத்துண்டு போட்ட ஆளுங்க, பள்ளிக்கூடப் பசங்க, டிராக்டரு, எறும்புக் கூட்டம் மாதிரி முடிவே இல்லாம போய்க்கிட்டே இருக்கு. ஒரு அம்மா வந்து "தம்பி கொஞ்சம் தண்ணி இருக்கா"ன்னு கேட்டாங்க. குடுத்தேன். "எந்த ஊரு ஆத்தா"ன்னு கேட்டேன். "அரிட்டாபட்டி"ன்னாங்க. "நீ பாத்துருக்கியாய்யா எங்க மலைய?"

பாத்ததில்ல. மதுரையிலயே பொறந்து வளந்து 41 வயசு ஆச்சு, 25 கிலோமீட்டர்ல இருக்க ஊரப் பாத்ததில்ல. கொடைக்கானல் எத்தன தடவ போயிருக்கேன்னு கணக்கே இல்ல. அந்தக் கேள்வி மண்டைக்குள்ளயே கெடந்துச்சு, போறேன் போறேன்னு தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டு கடைசியில மாமா "வாய்யா மாப்ள, நான் காட்டுறேன், எனக்கு அங்கிட்டு மடைக்கு மடை தெரியும்"னாரு.

வெள்ளன அஞ்சரைக்கே பைக்க எடுத்தாச்சு. மாட்டுத்தாவணியில நின்னு ஆளுக்கொரு பருத்திப்பாலு. ஒத்தக்கடை தாண்டுறப்ப இடது பக்கம் யானைமலை பனிக்குள்ள படுத்துக் கெடந்துச்சு. அந்த மலைக்கும் ஒரு கதை இருக்கு, 2010 வாக்குல அங்க சிற்ப நகரம் வைக்கப் போறோம்னு ஒரு பேச்சு வந்து, ஊரு ஜனங்க முடியாதுன்னு நின்னு, விட்டுட்டாங்க. அடிவாரத்துல நரசிங்கம் குடைவரைல 770ம் வருஷத்துக் கல்வெட்டு இருக்கு, மாறன் காரின்னு பாண்டியனோட மந்திரி குடைஞ்ச கோயிலு. அதப் பத்தி எழுதப் போனா இன்னிக்கு அரிட்டாபட்டி போய்ச் சேரமாட்டோம், இன்னொரு நாளைக்கு.

நரசிங்கம்பட்டியில நாலுவழிச் சாலைய விட்டு இடது பக்கம் திரும்பினதும் சத்தம் எல்லாம் பொசுக்குன்னு நின்னு போச்சு. ரெண்டு பக்கமும் நடவு முடிஞ்ச வயலு. மேலூர் பக்கம் பெரும்பகுதி ஒருபோகந்தான், பெரியாத்துத் தண்ணிய நம்பி. பெரியாறு அணை தண்ணி 1895லருந்து இந்தப் பக்கம் பாயுதுன்னாலும் கடமடைக்காரனுக்கு எப்பவுமே பயந்தான், மேல இருக்கவன் விட்டாதான் இவனுக்கு. ஆனா அரிட்டாபட்டி கணக்கு கொஞ்சம் வேற. மாமா பைக்குல பின்னாடி உக்காந்துக்கிட்டு காதுக்குள்ள கத்துறாரு, "இங்குட்டு மலைதான்யா டேம்மு!"

அது என்னன்னு அப்ப எனக்கு வெளங்கல. போயி நின்னப்பறம் வெளங்குச்சு. ஒரே மலைன்னு நெனச்சேன், இல்ல, ஏழு மலைம்பாங்க, மொட்டப் பாறையா ஒன்னு பக்கத்துல ஒன்னு வரிசையா நிக்குது. உசரம் ஒன்னும் பெருசு இல்ல. மொட்டப் பாறைன்னா மழ பெஞ்சா ஒரு சொட்டு உள்ள எறங்காது, மொத்தமும் வழிஞ்சு கீழ வரும், வர்ற தண்ணிய புடிக்க அடிவாரம் பூரா கண்மாயும் குளமும் ஊருணியும். பாறை வெடிப்புக்குள்ள போற கொஞ்சம் தண்ணி சுனையா வேற எடத்துல வெளிய வரும். அரசாங்கக் கணக்குலயே 72 நீர்நிலை, 200 சுனை, 3 தடுப்பணைன்னு இருக்கு. ஒரு ஊரச் சுத்தி 72! நான் நம்பல, மாமா "எண்ணிப் பாரு, கொறைஞ்சா என்னக் கேளு"ங்கிறாரு.

கடா மீசையோட ஒரு ஐயனாரு, அவரு குதிரை, ரெண்டு தெரு, ஒரு டீக்கடை, அதத் தாண்டி அந்த போர்டு. பல்லுயிர் பாரம்பரியத் தலம். 2022 நவம்பர்ல தமிழ்நாடு அரசு அறிவிச்சது, தமிழ்நாட்டுலயே முதல் இடம் இதுதான். அரிட்டாபட்டி கிராமமும் பக்கத்துல மீனாட்சிபுரமும் சேத்து 193 ஹெக்டேர் சொச்சம், ஏக்கர்ல சொன்னா 478 கிட்ட வரும். 2002ம் வருஷத்து உயிரியல் பல்வகைமைச் சட்டத்துல 37வது பிரிவுன்னு ஒன்னு இருக்கு, அதுலதான் இந்த அறிவிப்பு. தேசியப் பூங்கா, சரணாலயம் மாதிரி இல்ல இது, ஆட்டுக்காரன உள்ள வராதன்னு சொல்றதுக்கோ விவசாயத்த நிறுத்துறதுக்கோ வந்தது இல்ல, ஊரும் காடும் ஒன்னா இருக்கட்டும்ங்கிற ஏற்பாடு. உள்ளூர் பஞ்சாயத்தக் கலந்துதான் அறிவிக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. (ரெண்டாவது இடம் 2025ல அறிவிச்சாங்க, திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி கோயில்காடு, அதுவும் அழகர்மலைக்கு அந்தப் பக்கந்தான், நம்மகிட்ட இருந்து தூரம் இல்ல.)

250 வகை பறவை இருக்குன்னு பதிவு, அதுல லகார் ஃபால்கன், ஷாஹீன் ஃபால்கன், போனெல்லி கழுகுன்னு மூணு வேட்டைப் பறவைங்கதான் இந்த மலைக்கே பெருமை. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு எல்லாம் உண்டு. நாங்க பாத்தது என்ன? மயிலு, மீன்கொத்தி, கொக்கு, அப்பறம் மலை உச்சிக்கு மேல ரொம்ப தூரத்துல ஒரு கரும்புள்ளி, றெக்கைய அடிக்காம வட்டம் போட்டுச்சு. நான் ஃபால்கன்னேன். மாமா பருந்துன்னாரு. கேமராக்காரப் பசங்க யாராச்சும் இருந்தா தீர்ப்பு சொல்லியிருப்பாங்க.

முதல்ல குடைவரைக்குப் போனோம். ஊருக்காரங்க இடைச்சி மண்டபம்னு சொல்றாங்க. ஏழு எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேல, சிவன் கோயில். சின்னதுதான், நம்ம வீட்டு ஹால் அளவு கூட வராது, பாறைய அப்படியே உள்ளுக்குள்ள குடைஞ்சு, லிங்கத்தையும் தனியா கொண்டுவந்து வைக்காம அந்தப் பாறையிலயே விட்டு வச்சு செதுக்கியிருக்கான். அத நெனச்சுப் பாத்தா கொஞ்சம் தல சுத்தும், முதல் உளிய வைக்கிறப்பவே லிங்கம் எங்க நிக்கணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல, தப்பா ஒரு வெட்டு விழுந்தா ஒட்டவா முடியும்? கம்பிக் கதவு பூட்டியிருந்துச்சு. சாவி வச்சிருக்கவரு களையெடுக்கப் போயிட்டாராம். கம்பிக்கு நடுவுல மூக்க வச்சுக்கிட்டுதான் பாத்தோம்.

அதுல ஒரு சிற்பம் இருக்கு, அதப் பாக்கத்தான் எங்கெங்கருந்தோ ஆராய்ச்சி பண்றவங்க வர்றாங்க. ஒரு பக்கம் பிள்ளையாரு, சரி, அது நமக்குப் பழக்கம். இன்னொரு பக்கம் லகுலீசர். கையில தண்டத்தோட உக்காந்திருக்காரு. லகுடம்னா தண்டம், கோலு, அதான் பேரு. பாசுபத சைவத்தோட ஆதி குரு, குஜராத் பக்கம் காரவன்ங்கிற ஊரச் சொல்றாங்க. தமிழ்நாட்டுல இவரோட சிற்பம் ரொம்ப ரொம்ப அபூர்வம். குஜராத்துக் குரு மேலூர் பக்கத்துக் குக்கிராமத்துப் பாறைக்கு 1200, 1300 வருஷம் முன்னாடி எப்படி வந்தாரு, யாரு அவரப் பத்தி இங்க பேசினா, செதுக்குனவன் அவர எப்படிக் கற்பன பண்ணான், எனக்கு இதெல்லாம் ஓடுது. மாமா என்ன பாக்குறாரு? பாறைக்கு மேல மழத்தண்ணி எங்குட்டு வழியுதுன்னு. "உள்ள ஒரு சொட்டு எறங்கல பாரு. நம்ம காண்ட்ராக்டருக கட்டுன செக்போஸ்ட்டு ரூமே மூணு மழைக்கு ஒழுகுச்சு."

அடுத்து கழிஞ்சமலைக்குப் போறதுக்குள்ளதான் அந்தச் சம்பவம். ஆனைகொண்டான் கண்மாய், பாண்டியர் காலத்துக் கண்மாய்ம்பாங்க, மலைய ஒட்டி நெறஞ்சு கெடக்கு, மலை தலகீழா தண்ணிக்குள்ள தெரியுது, தாமர இலை, ரெண்டு முக்குளிப்பான். நான் போட்டோ எடுக்க எறங்கிட்டேன். திரும்பிப் பாத்தா மாமாவக் காணோம். கரை மேல ஒரே சீரா காலடி எடுத்து வச்சு நடக்குறாரு, வாய் முணுமுணுங்குது. இருபதடிக்கு ஒருக்கா விரல மடக்குறாரு. மடைகிட்ட போயி உக்காந்து எட்டிப் பாக்குறாரு, பாக்கெட்டுலருந்து சின்ன டைரிய எடுத்து ஏதோ எழுதுறாரு, மறுபடி நடக்குறாரு. முப்பது வருஷப் பழக்கம், கரை எவ்வளவு நீளம், கலுங்கு (நெறஞ்சு மிஞ்சுற தண்ணி வெளியேறுற எடம்) எத்தன அடின்னு அளக்காம அவரால ஒரு கண்மாயக் கடக்க முடியாது.

டுர்ர்ருன்னு ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்னுச்சு. ரெண்டு பேரு. ஓட்டிட்டு வந்தவனுக்கு இருவத்தஞ்சு இருக்கும், பின்னாடி பச்சத்துண்டோட ஒரு பெரியவரு. எறங்குனவரு என்னப் பாக்கல, நேரா மாமாகிட்ட போயி நின்னாரு.

"என்ன அளக்குறீக?"

மாமா எண்ணிக்கைய விட்டுருவோமோன்னு கையக் காமிச்சு "இருங்க"ன்னாரு. அவ்வளவுதான். தப்பாப் போச்சு.

"இருக்கறதாவது! யாரு நீங்க? எந்த ஆபீஸு? டைரியக் காட்டுங்க."

நான் ஓடுறேன். அதுக்குள்ள ஆடு மேச்சுக்கிட்டிருந்த ஒரு அம்மா, வயல்லருந்து மண்வெட்டியோட ரெண்டு பேரு, எங்கருந்துதான் வந்தாங்களோ ஆறேழு பேரு ஆயிட்டாங்க. "அண்ணே, சும்மா சுத்திப் பாக்க வந்தோம்ணே"ங்கிறேன், "சுத்திப் பாக்க வந்தவரு எதுக்குத் தம்பி காலடி போடுறாரு?"ங்கிறாங்க. நியாயமான கேள்விதான்! எனக்கே பதில் இல்ல. அந்த இளவட்டம் அதுக்குள்ள எங்க பைக்குகிட்ட போயிட்டான்.

அவங்க கோவத்துக்குக் காரணம் இருக்கு. 2024 நவம்பர் 7ம் தேதி ஒன்றிய சுரங்க அமைச்சகத்துலருந்து ஏலம் முடிஞ்சதுன்னு அறிவிப்பு வருது, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்குன்னு பேரு, 2015 ஹெக்டேருக்கு மேல, கிட்டத்தட்ட 5000 ஏக்கரு. டங்ஸ்டன்னா நம்ம பழைய குண்டு பல்புல உள்ள மினுக்குற கம்பி இருக்கும்ல அது, உருகவே 3422 டிகிரி வேணும், இப்ப பல்பு போனாலும் டிரில் பிட்டு, ஆயுதம்னு கிராக்கி கூடத்தான். நாயக்கர்பட்டி, வல்லாளபட்டி, நரசிங்கம்பட்டி, அரிட்டாபட்டி, இந்த ஊருங்க எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ள. இவங்க நெலத்த யாரோ எப்பவோ அளந்து கோடு போட்டு முடிச்சு ஏலமும் விட்டப்பறம்தான் பேப்பரப் பாத்து இவங்களுக்கே தெரியுது. அதுக்கு முன்னாடி கிரானைட் குவாரி வந்து பட்ட அனுபவம் வேற இருக்கு, மேலூர் சுத்துவட்டாரத்துல மலை இருந்த எடத்துல இப்ப பச்சத்தண்ணி நிக்கிற பள்ளமா இருக்கறதப் பாத்து வளந்த ஜனங்க. அப்படிப்பட்ட ஊருல போயி மாமா கையில டைரியோட கண்மாய்க்கரைய அளக்குறாரு!

நல்லவேள மாமா பயப்படல. நிதானமா டைரியக் குடுத்தாரு. "பாருங்கய்யா. நான் லஸ்கரா இருந்தவன். இந்தா, இது வண்டியூர், இது மாடக்குளம், இது திருவாதவூர்... போற எடத்துல எல்லாம் எழுதி வைப்பேன். கிறுக்குன்னு எங்க வீட்டுலயே சொல்லுவாக." பெரியவரு பக்கம் பக்கமாப் பொரட்டுறாரு. முப்பது வருஷத்துக் கண்மாய்ங்க அதுல இருக்கு, கரை நீளம், மடை எத்தன, கலுங்கு எத்தன அடி, ஓரத்துல "கருவேலம் அதிகம்" "மடைப்பலகை இல்லை" "நல்ல தண்ணி"ன்னு குறிப்பு. ஒரு பக்கத்துல நின்னுட்டாரு.

"எங்க ஊருக் கண்மாயும் இருக்கு. 1994ல வந்திருக்கீகளா?"

"வெள்ளத்துக்கு அனுப்புனாக. ரெண்டாம் மடைகிட்ட கரை கசிஞ்சுச்சு. ராத்திரி பூரா மணல் மூட்ட அடுக்குனோம்."

"அட, அந்த மூட்டைய சொமந்ததுல நானும் ஒருத்தன்யா!"

அதுக்கப்பறம் என்ன, நானும் இருக்கேன்ங்கிறதையே ரெண்டு பேரும் மறந்துட்டாங்க. இரண்டாம் மடை இப்ப எப்படி இருக்கு, நீர்க்கட்டி (வயலுக்குத் தண்ணி பாச்சுற ஆளு) யாரு, வரத்துக்கால்ல யாரு ஆக்கிரமிப்பு, மீன் குத்தகை எவ்வளவு. மாமா கேள்வி கேக்க கேக்க பெரியவருக்கு மொகம் மாறுது. கடைசியில அவரே "வாங்க, சமணரப் பாக்காமப் போறதாவது"ன்னு எங்களக் கூட்டிக்கிட்டு கழிஞ்சமலைக்கு நடந்தாரு.

பாறை ஏத்தம் கொஞ்சந்தான், ஆனா ஒன்பது மணி வெயிலுக்கே காலு சுட ஆரம்பிச்சுருச்சு, நான் செருப்பக் கழட்டி கையில வச்சுக்கிட்டது முட்டாத்தனம். மேல ஒரு குகைத்தளம், சமணத் துறவிங்க தங்குனது. குகைக்கு நெத்தி மாதிரி மேல நீட்டிக்கிட்டிருக்க பாறையில நீளமா ஒரு காடி வெட்டியிருக்கு, மழத்தண்ணி உள்ள வழியாம அந்தக் காடியில ஓடி ஓரமா விழுந்துரும். மாமா அதுல விரல வச்சுத் தடவுறாரு. விரல் ஆழம் இருக்கு. "லெவலு பாரு மாப்ள. அந்தக் கடைசிக்கு ஒரு நெல்லு அளவு எறக்கம் குடுத்துருக்கான். தண்ணி தேங்காது." அப்படியே பத்து நிமிஷம் அங்கயே நின்னாரு. லகுலீசருக்கு ஒரு நிமிஷந்தான் குடுத்தாரு, இத ஞாபகம் வச்சுக்கங்க.

இங்கதான் தமிழிக் கல்வெட்டு இருக்கு, தமிழ் பிராமின்னு சொல்லுவோம்ல, ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு. ஒன்னு 1971ல கண்டுபிடிச்சது, இன்னொன்னு 2003ல. எழுத்து லேசா, சொன்னாத்தான் தெரியும், பாறையோட கீறலும் எழுத்தும் ஒன்னாக் கலந்து கெடக்கு. முதல் கல்வெட்ட இப்படிப் படிக்கிறாங்க: "நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்". முழாகைன்னா குகை. நெல்வேலியச் சேந்த செழியன் அதினன் வெளியன்னு ஒருத்தரு வெட்டிக் குடுத்த குகை. இன்னொன்னுல இலஞ்சிக்காரர் எளம்பேராதன் மகன் எமயவன். நெல்வேலி திருநெல்வேலின்னும் இலஞ்சி நம்ம குத்தாலத்துக்குப் பக்கத்துல இருக்க இலஞ்சின்னும் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரி ஊரு திருநெல்வேலி. அங்கயே நின்னு போன் போட்டேன், "ஏய், ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே உங்க ஊர்க்காரன் எங்க ஊருக்கு வந்து மொய் எழுதிட்டுப் போயிருக்கான்"னு. "நீங்க இன்னும் திருப்பிச் செய்யலையா"ன்னு கேட்டா. பேசி ஜெயிக்க முடியாது.

இதுக்கு அந்தப் பக்கம் மீனாட்சிபுரம் மலை, மாங்குளம் கல்வெட்டு அங்கதான், நெடுஞ்செழியன் பேரே வர்ற கல்வெட்டு. 1882லயே ராபர்ட் சீவல்ங்கிற வெள்ளக்கார அதிகாரி பாத்துட்டாரு, ஆனா கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் 1960கள்ல படிச்சு சொன்னப்பறம்தான் அது பாண்டியன் நெடுஞ்செழியன்ங்கிறது ஊருக்கே தெரிஞ்சுச்சு. அங்க தோண்டினப்ப செங்கல் கட்டடம் ஒன்னும் வெளிய வந்திருக்கு, சமணங்க வழிபட்ட மண்டபம்னு சொல்றாங்க. அன்னிக்கு நேரம் பத்தல, கால் வேற கொப்பளிச்சுருச்சு, போகல.

கொஞ்சம் தள்ளி பாறை மொகத்துல மகாவீரர். சம்மணம் போட்டு, தலைக்கு மேல முக்குடை. இது குகைக் கல்வெட்டு காலத்துலருந்து ஆயிரம் வருஷம் தள்ளி, ஒன்பது பத்தாம் நூற்றாண்டு. செஞ்சு வச்சது அச்சணந்திங்கிற சமணத் துறவி. மதுரையச் சுத்தி எங்க சமணச் சிற்பம் இருந்தாலும் இந்தப் பேரு வந்துரும், யானைமலையிலயும் இருக்கு, அழகர்மலையிலயும் இருக்கு, கீழக்குயில்குடி சமணமலையில பேச்சிப்பள்ளத்துல அவரோட தாயாரு குணமதியார் பேரால ஒரு திருமேனியே இருக்கு. துறவிக்கு அம்மா ஞாபகம் போகல பாருங்க.

சிற்பத்துக்குக் கீழ வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. எனக்கு வட்டெழுத்து படிக்கத் தெரியாது, போறதுக்கு முன்னாடி போன்ல வாசகத்த எடுத்து வச்சிருந்தேன். சத்தமா படிச்சேன். இந்த மலைக்குப் பேரு திருப்பிணையன் மலைன்னு இருக்கு. அச்சணந்தி செய்வித்த திருமேனின்னு இருக்கு. கடைசியில ரெண்டு வார்த்த: "பாதிரிக்குடியார் ரட்சை".

"அதுக்கு என்ன அர்த்தம்?" பெரியவருதான் கேட்டாரு. அவருக்குத் தெரியாம இருக்காது, எத்தன பேரு வந்து படிச்சுச் சொல்லியிருப்பாங்க, எனக்குத் தெரியுதான்னு பாக்குறாரு.

"பாதிரிக்குடிங்கிறது அப்போதைய ஊரு. இந்தச் சிற்பத்த அந்த ஊர்க்காரங்க காப்பாத்தணும்னு எழுதியிருக்குண்ணே."

"ராசான்னு போடலைல?"

"இல்ல."

"ஊருன்னுதான போட்டுருக்கு?"

"ஆமா."

அவரு தலைய ஆட்டிக்கிட்டு துண்ட உதறித் தோள்ல போட்டாரு. அந்த இளவட்டம் பாறையில உக்காந்து போன் நோண்டிக்கிட்டிருந்தவன் சிரிச்சான். "ஐயா வர்றவங்க எல்லார்கிட்டயும் இதே கேள்வியக் கேப்பாருண்ணே."

எறங்கி வர்றப்ப பெரியவரு டங்ஸ்டனுக்கு எதிரா நின்ன அந்த ரெண்டு மாசத்தப் பத்தி சொல்லிக்கிட்டே வந்தாரு. 2024 டிசம்பர் 9ம் தேதி சட்டமன்றத்துல சுரங்கம் வேணாம்னு தீர்மானம் போட்டாங்க. அப்பறம் அந்த மாசக் கடைசியில ஒன்றிய அரசு, பல்லுயிர்த் தலம் 193 ஹெக்டேர்தான, அத மட்டும் விட்டுட்டு எல்லைய மாத்த முடியுமான்னு பாக்கச் சொல்லி புவியியல் ஆய்வுத்துறைகிட்ட கேட்டாங்க. அங்கதான் சூட்சுமம். போர்டு நட்ட எடம் பத்துல ஒரு பங்கு கூட இல்ல. அத ஒதுக்கிட்டா சட்டப்படி யாரும் குறை சொல்ல முடியாது. அரிட்டாபட்டிக்காரங்க நெனச்சிருந்தா "எங்க மலை தப்பிச்சுச்சு"ன்னு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகல. "பக்கத்தூர்ல குழி வெட்டுனா எங்க சுனையில தண்ணி நிக்குமா தம்பி? மலைக்கு போர்டு தெரியுமா, தண்ணிக்குத்தான் தெரியுமா?"ன்னாரு. மாமா "அப்படிச் சொல்லுங்க"ன்னு அவரு தோள்ல கை போட்டுட்டாரு. அதுக்கப்பறம் தான் அந்த ஜனவரி 7 நடை. 23ம் தேதி ஏலம் மொத்தமா ரத்து.

அவங்க நடந்த அன்னிக்கு நான் கடைவாசல்ல நின்னு வேடிக்கை பாத்தேன்னு சொல்லலாமான்னு யோசிச்சேன். தண்ணி குடுத்தேன்னு மட்டும் சொன்னேன்.

கண்மாய் கலுங்குகிட்ட வந்தப்ப மாமா மறுபடி நின்னாரு. கண்மாய் நெறஞ்சு மறுகால் போகுது, ஆனா ஓரத்துல ஆகாயத்தாமரையும் தெர்மாகோலும் ரெண்டு பீர் பாட்டிலும் சேந்து அடச்சுக்கிட்டு தண்ணி ஒரு பக்கமா தள்ளிக்கிட்டு போகுது. போர்டப் பாத்துட்டு எங்கள மாதிரி சுத்திப் பாக்க வர்ற கூட்டம் விட்டுட்டுப் போறதுதான், ஊருக்காரங்களுக்கு இப்ப இது புதுத் தலவலி. மாமா கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கிட்டாரு. எனக்கும் வேற வழி இல்ல, எறங்குனேன், பாட்டில நான் எடுத்தேன், தண்ணி சில்லுனு கொப்பளத்துக்கு எதமா இருந்துச்சு. அடப்பு விட்டதும் தண்ணி ஒரு சத்தம் போட்டு நேரானுச்சு. மாமா அதக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, பெரியவருகிட்ட தயங்கித் தயங்கி, "எண்ணிக்கை பாதியில நின்னுபோச்சு... ஒருக்கா அளந்துக்கட்டுமா?"ன்னு கேட்டாரு.

பெரியவரும் கூடவே நடந்தாரு. ரெண்டு பேரும் சேந்து எண்ணுனாங்க. இவருக்கு 20 அடி கூட வருது, அவருக்குக் கொறைய வருது. கரையோட அந்தக் கடைசி வரைக்கும் ஒரே சண்ட.

பைக்க எடுக்குறப்ப அந்தத் தம்பிகிட்ட கேட்டேன், "ஆமா, வந்த ஒடனே எங்க வண்டி நம்பரப் போட்டோ எடுத்தியே, இப்பத்தான் யாருன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, அழிச்சுரலாம்ல?"

அவன் பெரியவரப் பாத்தான். பெரியவரு எங்க மாமாவப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, "அது இருக்கட்டும் தம்பி. எடுத்தது எடுத்ததா இருக்கட்டும்."